இடது கையின் கணக்கு

பிப்ரவரி 18

அன்புள்ள சித்தி,

நீங்கள் அனுப்பிய இரண்டு இன்ஷூரன்ஸ் புத்தகங்களும் திங்கட்கிழமை வந்தன. ஒவ்வொன்றும் அறுபது பக்கம். "கதைப் புத்தகம்னு நினைச்சுப் படி" என்று மேலே எழுதி அனுப்பியிருந்தீர்கள். அப்படிப் படிக்க முடியவில்லை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அது எங்கே தொடங்கியது என்பது மறந்துவிடுகிறது. ஆனாலும் மூன்று நாள் சாயங்காலம் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டையும் முடித்துவிட்டேன்.

ஒன்றைச் சின்னத் திட்டம் என்றும் மற்றதைப் பெரிய திட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். சின்னத் திட்டத்துக்கு மாதம் 210 கட்ட வேண்டும். பெரியதற்கு 480. எதற்காக இவ்வளவு வித்தியாசம் என்று தேடினேன். சின்னத் திட்டத்தில் வருடத்துக்கு முதல் ஆறாயிரம் வரை வைத்தியச் செலவு முழுவதும் நம்முடையது. டாக்டரைப் பார்ப்பது, ரத்தம் கொடுப்பது, ஸ்கேன் எடுப்பது எல்லாமே. அதைத் தாண்டிய பிறகுதான் கம்பெனி கட்டும். பெரிய திட்டத்தில் நம் பங்கு முதல் ஆயிரம் மட்டும். இந்த முதல் தொகைக்கு 'டிடக்டிபிள்' என்று பெயர். எனக்கு அந்தச் சொல் நாக்கில் நிற்கவில்லை. அதனால் வாசற்படி என்று வைத்துக்கொண்டேன். அதை ஏறினால்தான் வீட்டுக்குள் போக முடியும்.

ஆண்டுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நோயே வராத வருடத்தில் சின்னத் திட்டத்துக்கு மொத்தம் 2520, பெரியதற்கு 5760. மிச்சம் 3240. பெரிய நோய் வந்த வருடத்தில் சின்னதற்கு வாசற்படியும் சேர்த்து 8520, பெரியதற்கு 6760. அதாவது நோய் வந்தாலும் 1760தான் கூடுதல். பட்டியலைத் தனித்தாளில் சிவப்பு, நீலப் பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்: வருடத்துக்கு ஒரு தடவை பொதுப் பரிசோதனை இலவசம், அதற்கு வாசற்படி கிடையாது. அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் போக வேண்டும். ஒரு பில்லைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது.

முடிவு உங்களுடையது. ஆனால் கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்துகூட நான் பார்த்ததில்லை. சின்னத் திட்டமே போதும்.

நான் எழுதும்போது அம்மா பின்னால் நின்று பார்த்தாள். "பஸ் கம்பெனியிலயே இருந்திருந்தா இதெல்லாம் படிக்கவே வேணாம். ஆஸ்பத்திரியில கார்டை நீட்டினா போதும். நான் டிக்கெட் கவுன்ட்டர்ல உக்காந்துக்கிட்டு, மேனேஜர் கையைக் காலைப் பிடிச்சு அவளுக்கு சீட் தைக்கிற வேலை வாங்கிக் கொடுத்தேன். மகாராணிக்குச் சொந்தக் கடை கேக்குது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அவ சாப்பிடறாளாமா? நான் கேட்டேன்னு எழுதாதே" என்றாள்.

எழுதிவிட்டேன்.

உங்கள் பூச்சி


மார்ச் 4

அடி புத்தகப் பூச்சி,

தொப்பி போட்ட ஏஜென்ட் ஒருத்தன் கடைக்கு வந்து ஒன்றரை மணி நேரம் பேசினான். அவன் போன பிறகு யோசித்துப் பார்த்தால் எனக்குப் புரிந்தது தொப்பி மட்டும்தான். மறுநாள் வந்தபோது உன் பட்டியலை எடுத்துக் காட்டினேன். "யாரு மேடம் போட்டது?" என்றான். "எங்க வீட்டு வக்கீல்" என்றேன். "எந்த கோர்ட்டு?" என்றான். "ஒன்பதாம் வகுப்பு" என்றேன். உடனே பையைத் திறந்து படிவத்தை எடுத்தான்.

சின்னத் திட்டத்தில் சேர்ந்துவிட்டேன், மார்ச் முதல் தேதியிலிருந்து. மிச்சமாகிற காசைத் தோல் தைக்கிற மிஷினுக்குச் சேர்க்கிறேன். இப்போது இருக்கிற மிஷின் ரெக்ஸினுக்கே முனகுகிறது, தோலைக் காட்டினால் படுத்துவிடும். உன் பட்டியலை அலமாரிக் கதவின் உள்பக்கம் நாலு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன்.

பல் டாக்டர் ஒருவர் காத்திருக்கும் அறையின் பன்னிரண்டு நாற்காலிகளை உறை மாற்றக் கொடுத்திருக்கிறார். பழைய துணியைப் பிரித்தால் உள்ளே பயத்தில் நகம் பதித்த அடையாளம் தெரிகிறது. வேலை நிறைய. காலையில் எழுந்தால் விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது, உதறினால் போய்விடுகிறது. இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓடினால் உன் வாசற்படியில் உட்கார்ந்து காசு எண்ண வேண்டியதுதான்.

உங்கள் அம்மா கேட்கவில்லையென்றால் நீயும் சொல்லாதே: மகாராணி மூன்று வேளையும் சாப்பிடுகிறாள்.

சித்தி


அக்டோபர் 20

பூச்சி,

இந்த எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால்தான் எழுதுகிறேன், எப்போதும் போல. வலது கை கட்டுப் போட்டு மடியில் தூங்குகிறது. காகிதத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாததால் எழுத்து ஓடுகிறது.

எறும்பு உதறினால் போகிற எறும்பு இல்லை. ஆகஸ்டில் ஒரு நாள் வளைந்த ஊசி கையிலிருந்து விழுந்தது எனக்கே தெரியவில்லை. தைத்துக்கொண்டே இருக்கிறேன், கையில் ஊசி இல்லை. அன்றைக்குத்தான் பட்டியலில் உள்ள டாக்டரைத் தேடிப் போனேன். மணிக்கட்டுக்குள் நரம்பு போகிற வழி குறுகி நரம்பை நசுக்குகிறதாம், இரண்டு கையிலும். இருபது வருடம் துணியை இழுத்து இழுத்து ஆணி அடித்ததற்குக் கிடைத்த பரிசு.

"எந்தக் கையை முதல்ல பண்ணலாம்? இடதுதான் மோசமா இருக்கு" என்றார் டாக்டர்.

"அதுதான் எனக்குச் சோறு போடற கை. முதல்ல வலது கையில பழகிக்கோங்க" என்றேன்.

நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

உனக்குக் கணக்கு வேண்டும், தெரியும். டாக்டர் பீஸும் நரம்புப் பரிசோதனையும் சேர்த்து 700, என் காசு. ஆபரேஷன் பில் 7400. அதில் 5300 நான் கட்டினேன், மீதி 2100 கம்பெனி. ஆக உன் வாசற்படியை ஏறியாகிவிட்டது. மிஷினுக்குச் சேர்த்ததெல்லாம் அந்தப் படியிலேயே போய்விட்டது. ஆனால் இடது கைக்கு இனி ஒரு காசு கிடையாது, முழுக்க அவர்கள்தான். டிசம்பர் 11 தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒரே படியில் ஏறி இரண்டு அறைக்குள் போவது லாபம்தானே?

உங்கள் அம்மாவிடம் சொல்லாதே. "கம்பெனியில இருந்திருந்தா" என்று தொடங்கினால் எனக்கு மற்றக் கையும் மரத்துப்போகும்.

சித்தி


நவம்பர் 22

அன்புள்ள சித்தி,

ஒரு நல்ல செய்தி, ஒரு வேண்டுகோள், ஒரு விளக்கம்.

நல்ல செய்தி: பள்ளி ஆண்டு விழா மேடையில் படிக்க என் கட்டுரையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பள்ளி முழுவதிலும் ஒன்றே ஒன்று, அது என்னுடையது. தலைப்பு 'ஒரு நாற்காலியைப் பிரிக்கும்போது'. கோடை விடுமுறையில் உங்கள் கடையில் பார்த்ததைத்தான் எழுதினேன். பழைய மெத்தைக்குள் கிடைத்த பொத்தான்கள், ஒரு குழந்தையின் பல், யாரோ யாருக்கோ எழுதி அனுப்பாத சீட்டு. ஆணி பிடுங்கும்போது நீங்கள் வாயில் நாலு ஆணியை வைத்துக்கொண்டே பேசுவதைப் படித்துவிட்டுத் தமிழாசிரியை வாய்விட்டுச் சிரித்தார்.

வேண்டுகோள்: விழா டிசம்பர் 13. நீங்கள் வர வேண்டும். யாரைப் பற்றிப் படிக்கிறேனோ அவர் முன்வரிசையில் இல்லாவிட்டால் எனக்குக் குரல் வராது. அம்மாவிடம் கேட்டேன். பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வரட்டுமே. நானா வேணாங்கறேன்?" என்றாள். நீங்கள் பஸ் கம்பெனியை விட்ட பிறகு இந்த ஒன்பது மாதத்தில் உங்களைப் பற்றி மகாராணி என்று சொல்லாமல் பேசியது இதுதான் முதல் தடவை.

விளக்கம்: 11ஆம் தேதி ஆபரேஷன் என்றால் 13ஆம் தேதி எட்டு மணி நேரம் பஸ்ஸில் வர முடியாது என்று தெரியும். ஆபரேஷனை ஜனவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். நீங்கள் சேர்ந்தது மார்ச் ஒன்று. அதனால் உங்கள் வருடம் பிப்ரவரி கடைசி வரை இருக்கிறது. நூலக அட்டை மாதிரிதான், வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம். அதுவரை நீங்கள் ஏறிய படி ஏறியதுதான். புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வருவீர்கள்தானே?

பூச்சி


நவம்பர் 29

பூச்சி,

தேதியை ஜனவரி 8க்கு மாற்றிவிட்டேன். போனில் மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வாயில் ஆணி வைத்துக்கொண்டு பேசுவதையெல்லாம் ஊர் முன்னால் படிக்கப் போகிறாயா? நல்ல புடவை கட்டிக்கொண்டு வருகிறேன், மேடையில் இருக்கிறவள் வேறு யாரையோ சொல்கிறாள் என்று நினைக்கட்டும்.

உங்கள் அம்மா "வரட்டுமே" என்று சொன்னது நிஜம்தானா? அப்படியே அந்த வார்த்தைதானா? இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

12ஆம் தேதி காலையில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம். யாராவது வந்தால் திட்ட மாட்டேன்.

சித்தி


ஜனவரி 12

அன்புள்ள சித்தி,

8ஆம் தேதி முடிந்திருக்கும். கட்டுப் போட்டிருப்பதால் எழுத முடியவில்லை என்று நினைக்கிறேன். இப்போது எழுதும் கையிலேயே கட்டுப் போட்டிருக்கும் அல்லவா? வலது கையால் ஒரு வரி கிறுக்கி அனுப்புங்கள். 'சரி' என்ற ஒரு சொல் போதும்.

நீங்கள் போய் ஒரு மாதம் ஆகியும் நாங்கள் அந்த மூன்று நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் படித்து முடித்ததும் நீங்கள் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தீர்கள். பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். கை வலியால் தட்ட முடியவில்லை என்று அம்மா பிறகுதான் சொன்னாள். நீங்களும் அம்மாவும் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது எனக்குக் கேட்டது. முதலில் சண்டை மாதிரி இருந்தது. பிறகு சிரிப்பு. அம்மா அப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

கை எப்படி இருக்கிறது?

பூச்சி


ஜனவரி 30

அன்புள்ள சித்தி,

அம்மா நேற்று உங்களுக்குப் போன் செய்தாள். ஆபரேஷன் நடக்கவே இல்லை என்று என்னிடம் சொன்னாள். "மறுபடியும் ஆறாயிரம் கட்டணுமாம். வேணாம்னு திரும்பி வந்துட்டாளாம். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னா" என்றாள். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

எனக்கு எழுத வேண்டாம் என்று நீங்கள் இருப்பது நியாயம். ஆனால் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். "சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்" என்கிறாள். அது முழு உண்மை இல்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. யார் எந்த மாதத்தில் சேர்ந்தாலும் வாசற்படிக் கணக்கு ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் சுழியிலிருந்து தொடங்கும் என்கிறது. பிப்ரவரியிலேயே அதைப் படித்தேன். மார்ச்சில் சேர்பவருக்கு அப்படியென்றால் அது அநியாயமாக இருக்கிறதே என்று தோன்றியது. வேறு அர்த்தம் இருக்கும் என்று நினைத்து, ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்தேன். யாரிடமாவது கேட்க வேண்டும் என்றிருந்தேன். கேட்கவில்லை.

நவம்பரில் உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கேள்விக்குறி அங்கேயே இருந்தது. கம்பெனிக்கு ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். ஆனால் அவர்கள் 'ஜனவரி கூடாது' என்று சொல்லிவிட்டால் நீங்கள் வர மாட்டீர்கள். நான் அழிப்பானை எடுத்து அந்தக் குறியை அழித்தேன். பிறகுதான் நூலக அட்டையைப் பற்றி எழுதினேன். 'புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்' என்றும் எழுதினேன்.

என் பட்டியலில் நோயில்லாத வருடம் என்று ஒரு வரி, நோயுள்ள வருடம் என்று ஒரு வரி போட்டிருந்தேன். ஒரே நோய் இரண்டு வருடங்களின் மேல் கால் வைத்து நின்றால் என்ன ஆகும் என்று ஒரு வரி போடவில்லை. அப்படி நின்றால் இரண்டு வாசற்படி. அந்தப் பட்டியலைத் தயவுசெய்து அலமாரிக் கதவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மேடையில் எல்லோரும் எனக்குக் கைதட்டியபோது உங்கள் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பூச்சி


மார்ச் 4

பூச்சி,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். கையைக் காரணம் சொல்லலாம். கை காரணமில்லை.

நீ பென்சில் குறியை அழித்ததைச் சொல்லிவிட்டாய். நான் சொல்லாமல் வைத்திருப்பதை இப்போது சொல்கிறேன்.

தேதியை மாற்றப் போன் செய்தேனே, அன்றைக்கு கிளினிக் கவுன்ட்டரில் இருக்கிற பெண், "மேடம், ஜனவரியா? வருஷம் முடியறதுக்குள்ள முடிச்சிடுங்க. ஜனவரின்னா திரும்ப முதல்லேர்ந்து கட்டணும்" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். "எங்க வீட்டுல படிச்சவங்க பார்த்துட்டாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

யார் சொல்வது சரியாக இருக்கும்? தினமும் நூறு பேருக்குப் பில் போடுகிறவள் சொல்வதா, பத்தாம் வகுப்புப் பெண் சொல்வதா? எனக்கு அப்போதே தெரியும், பூச்சி. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன். உங்கள் அம்மா "வரட்டுமே" என்று சொன்னாள். அதை விட்டுவிட்டால் திரும்ப எப்போது சொல்வாளோ என்று இருந்தது. இன்னொன்றும் உண்டு. இடது கையில் கத்தி வைக்கிறார்கள் என்று நினைத்தாலே அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வேன். தள்ளிப்போட ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன். நீ தபாலில் அனுப்பினாய்.

ஜனவரி 8ஆம் தேதி அதே பெண் பில்லை நீட்டி, "நான் சொன்னேனே மேடம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் உன் கடிதம் வந்தது. எல்லாத் தப்பும் உன்னுடையது என்று எழுதியிருந்தாய். உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லப்போனால், கொஞ்ச நாள் அது எனக்கு வசதியாகக்கூட இருந்தது. இதைத்தான் எழுத முடியாமல் எழுந்து எழுந்து போனேன்.

இப்போது என் கணக்கைக் கேள். வருடக் கடைசியில்தான் திட்டத்தை மாற்ற முடியும். அப்போது பெரிய திட்டத்துக்கு மாறி, அடுத்த ஜனவரியில் இடது கையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறாயிரத்துக்குப் பதில் ஆயிரம். உன் பட்டியலை வைத்தே போட்ட கணக்கு. கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் சதை இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வலது கையால் சமாளிக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லாதே. அவள் கடன் வாங்கிக்கொண்டு வந்து நிற்பாள்.

சித்தி


மார்ச் 9

சித்தி,

உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது கோபம் வந்தது. ஒரு மாதம் தினமும் படுக்கும்போது உங்கள் கையை நினைத்துக்கொண்டு படுத்தேன். ஒரு தபால் அட்டையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். இதைச் சொல்லாமல் இருந்தால் திரும்பவும் எதையோ அழித்த மாதிரி இருக்கும். அதனால் சொல்லிவிட்டேன்.

இப்போது உங்கள் கணக்கு. இந்த வருடம் சின்னத் திட்டத்தில் செய்தால் 8520. அடுத்த வருடம் பெரிய திட்டத்தில் செய்தால் 6760. மிச்சம் 1760. கூட்டலில் தப்பில்லை. ஆனால் அந்த 1760க்காக நீங்கள் பத்து மாதம் கையைக் கொடுக்கிறீர்கள். நானும் இதையேதான் செய்தேன். எல்லாத் தொகையையும் எழுதினேன், கையை எழுதவில்லை.

பள்ளி நூலகத்தில் இருக்கும் மருத்துவக் கலைக்களஞ்சியத்தில் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் சதை இறங்கினால் நரம்பு வெகுநாளாக நசுங்கியிருக்கிறது என்று அர்த்தம், காலம் போகப் போகத் திரும்புவது கடினம் என்று போட்டிருக்கிறது. எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று நிச்சயமில்லை. ஆகையால் இந்தத் தடவை கேட்டேன். பள்ளி அலுவலகத்தில் அனுமதி வாங்கி உங்கள் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அந்தக் கவுன்ட்டர் அக்காதான் எடுத்தார்.

"நீ யாரும்மா?"

"ஜனவரி எட்டாம் தேதி செருப்பை மாட்டிக்கிட்டுப் போனாங்களே, அவங்க அக்கா பொண்ணு."

"ஓ, வீட்டுல படிச்சவங்க நீதானா?"

என் காது சூடாகிவிட்டது. "ஆமாம்" என்றேன். நோயாளியின் விவரத்தை என்னிடம் சொல்ல முடியாது என்றார். பொதுவாகக் கேட்கிறேன் என்றேன். அப்போது சொன்னார்: "சதை இறங்கிடுச்சுன்னா டாக்டர் ஒரு வாரம்கூடத் தள்ள மாட்டார். காசு ஒரே தடவையில கட்டணும்னு யாரும்மா சொன்னா? பன்னிரண்டு தவணையா கட்டலாம். அவங்க கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஒரு தவணை ஐந்நூறு, சித்தி. வட்டி கிடையாதா என்று இரண்டு தடவை கேட்டு, அந்த அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். கிடையாது.

கடைசியாக ஒன்று. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லாதே என்றீர்கள். நான் அதை மீறினேன், தெரிந்தேதான் மீறினேன். அம்மா கடிதம் முழுவதையும் நின்றுகொண்டே படித்தாள். 'வரட்டுமே' வரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் முன்னாடியே கூப்பிட்டிருந்தா அவ இதுக்காகத் தேதியை மாத்தியிருக்க மாட்டா" என்றாள். பிறகு கவுன்ட்டரில் ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறாள். கதவைத் திறக்காமல் இருந்துவிடாதீர்கள்.

பூச்சி


ஜூன் 21

பூச்சி,

இடது கையால்தான் எழுதுகிறேன். பேனாவை நடுவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் செருகிப் பிடிக்கப் பழகியிருக்கிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகிறது. படிக்க முடிகிறதா, சொல்லு.

ஏப்ரலில் ஆபரேஷன் முடிந்தது, அது உனக்கே தெரியும். நேற்று கடைசியாக டாக்டரைப் பார்த்தேன். லீவு போட்டு வந்து உங்கள் அம்மா கூட உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஒவ்வொரு விரலாக ஊசிமுனையால் தொட்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கேட்டார். எல்லாவற்றிலும் தெரிந்தது. எறும்பும் போய்விட்டது. ராத்திரி தூங்குகிறேன். பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அவர் லேசாக இழுத்தார், வந்துவிட்டது. மறுபடி கொடுத்தார். மறுபடி வந்துவிட்டது.

"போன வருஷமே வந்திருந்தா..." என்று தொடங்கினார். உங்கள் அம்மா, "சார், இனி என்ன பயிற்சி பண்ணணும், அதைச் சொல்லுங்க" என்றாள். டிக்கெட்டுக்கு வரிசையில் முந்துகிறவனிடம் பேசுகிற குரல். அவர் நிறுத்திக்கொண்டார்.

பயிற்சி செய்தால் கொஞ்சம் திரும்பலாம். பழையபடி ஆகாது. உன்னிடம் மறைக்க இனி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உன்மேல் கோபம் இல்லை என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். கொஞ்சம் இருக்கிறது. துணியை இழுக்கும்போது வருகிறது, இழுத்து முடிவதற்குள் அது என்மேல் திரும்பிவிடுகிறது. உனக்கும் என்மேல் கொஞ்சம் இருக்கும். இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே விடுமுறைக்கு வா. தினமும் பேசினால் தேய்ந்துவிடும் என்று நினைக்கிறேன். தேயாவிட்டாலும் வா.

தவணையில் இரண்டு கட்டியாகிவிட்டது. உங்கள் அம்மா பாதியைத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்பென்றால் சொல்லியிருப்பேன்.

சினிமா தியேட்டர்காரர் முந்நூறு சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சின்ன நாற்காலி, ஸ்டூல், மெத்தை உறை, இவையெல்லாம் செய்ய முடியும். சோபாவின் துணியை ஒரு கையால் இழுத்துப் பிடித்து மறு கையால் ஆணி அடிக்க வேண்டும். இழுக்கிற கை என் இடது கை.

இன்று காலையில் ஒரு வயதான தம்பதி மூன்று பேர் உட்காரும் சோபாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்ல மரம், நாலு தலைமுறைக்குத் தாங்கும். அந்த அம்மா ஆசையாகத் தடவிக்கொண்டே, "எப்போ கிடைக்கும்?" என்று கேட்டார். "பெரிய சோபா இப்போ எடுக்கறதில்லைம்மா" என்றேன். வாயிலிருந்து அந்த வார்த்தை வருவதற்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியவில்லை. அதற்குள் எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்து அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தார்.

மத்தியானம் வேறு ஒருவர் சோபாவோடு வந்தார். அவரிடம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன்.

சித்தி